சீல் வைத்த பேனலும் ஒரு முழுக்கைச் சட்டையும்

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நகல் எடுக்கக் கொடுத்த காகிதத்தை அவர்கள் படிக்கவே மாட்டார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு அந்தக் குணம் கொஞ்சம் முற்றிய நிலை. ஒரு வியாழக்கிழமை என் மின்கட்டண ரசீதைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தகடு வெட்டுற ஃபேக்டரியில ஒருத்தன் மெஷினுக்கு மந்திரம் போட்டு வெச்சிருக்கானாம், தெரியுமா?"

"மந்திரமா?"

"மந்திரம்னா மந்திரம் இல்ல சார், ரகசிய நம்பர். அவன் லீவு போட்டா மெஷினும் லீவு போடுது. அவன் வந்து பெட்டிக் கதவைத் தொட்டா மறுபடி ஓடுது. இந்த வருஷம் நாலு தடவை. கடைசித் தடவை சொந்த மச்சினன் கையே கிழிஞ்சுபோச்சு. பதினோரு தையல். போலீசுக்குக் குடுக்கன்னு மேனேஜர் மூணு காப்பி எடுத்துட்டுப் போனாரு. நான் படிக்கல. கண்ணுல பட்டுச்சு."

பதினோரு தையல் வரைக்கும் பட்டிருக்கிறது. கூர்மையான கண்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வதந்திக்குக் கை கால் முளைத்துவிட்டது. சலூனில் கேட்டால், அவர் சட்டைப் பையிலேயே ரிமோட் வைத்திருக்கிறார் என்றார்கள். இஸ்திரிக் கடையில் கேட்டால், சூப்பர்வைசர் பதவியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்த எரிச்சலில் செய்கிறார் என்றார்கள். எல்லாக் கதையிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: ஆளின் பட்டப்பெயர். ஆம்பியர்.

பத்திரிகைக்கு எழுதுகிறவனால் சும்மா இருக்க முடியுமா? விசாரித்துக்கொண்டு ஆம்பியர் வீட்டுக்கே போனேன். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவிந்து கிடக்க, அவர் மனைவி தையல் மிஷினில் விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா? சொல்ல வந்தவங்க நேத்தே நிறைய பேர் வந்துட்டுப் போயிட்டாங்க."

"கேக்கத்தாங்க வந்தேன்."

"அப்ப உக்காருங்க. அந்தப் பாவாடை மேல வேண்டாம்."

ஆம்பியருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு டெஸ்டர், மடித்த துணி ஒன்று. ரிமோட் இல்லை; நான் பார்த்துவிட்டேன். "எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும், "நாப்பத்திரண்டு, ஸ்டெடி" என்று மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைப் பதிலாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் வந்துவிட்டது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் தொடங்கியவர். இந்தத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம். பழைய மோட்டார்களை எடுத்துவிட்டு ஆறு வருடத்துக்கு முன் புதிய டிரைவ்கள் வந்தபோது மற்ற எலக்ட்ரீஷியன்கள் நாசூக்காக வேறு பகுதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் எழுநூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்து, மகள் விட்டுப்போன அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஏழு மாதத்தில் கரைத்துக் குடித்தார்.

"டிரைவ்னா என்னங்க?" என்றேன்.

மனைவியின் மிஷினிலிருந்த நூல்கண்டைப் பிடுங்கினார். அவர் முறைத்தார், இவர் கவனிக்கவில்லை.

"இந்தப் பக்கம் பெரிய தகட்டுச் சுருள். எட்டு டன் இருக்கும். நடுவுல வட்டமா கத்திங்க. தகடு அது வழியா போறப்ப ரிப்பன் மாதிரி பட்டை பட்டையா பிரிஞ்சுடும். அந்தப் பக்கம் ஒரு மோட்டார் எல்லாப் பட்டையையும் இழுத்துச் சுத்திக்கும். அதுக்குப் பேரு ரீகாயிலர். சுத்தச் சுத்த சுருள் பெருக்குமா? பெருக்கப் பெருக்க மோட்டார் மெதுவா சுத்தணும். ஆனா இழுப்பு மட்டும் அப்படியே இருக்கணும். அந்த இழுப்பைக் கட்டிக் காக்கிறதுதான் டிரைவ்."

"இழுப்பு குறைஞ்சா?"

நூலைத் தளர்த்தினார். அது கொழகொழவென்று அவர் மடியில் விழுந்தது. "இது நூல். அது பிளேடு."

அந்த பிளேடுதான் மச்சினன் கையைப் பதம் பார்த்தது. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அந்தத் தகடு வெட்டும் லைனின் ஆபரேட்டரும் அவர்தான். மனைவிக்குக் கண் பரிசோதனை என்று ஆம்பியர் லீவு போட்ட நாளில் ஓடிக்கொண்டிருந்த பட்டைகள் தளர்ந்து பொங்கின, திரையில் 'இழுவை இழப்பு' என்று எழுத்து வந்தது, மெஷின் நின்றது, ஒரு பட்டை துள்ளி முன்கையைக் கிழித்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய முழுக்கைச் சட்டையின் கையை நர்ஸ் கத்தரியால் வெட்டி எடுத்தார். நீலத்தில் கட்டம் போட்டது, மச்சினன் ஆசை ஆசையாய் வாங்கியது. ஆம்பியர் அங்கே ஒரு வாக்குறுதி கொடுத்தார்: "புதுச் சட்டை நான் எடுத்துத் தரேன் மாப்ளே."

அதற்கு முந்தைய மூன்று லீவிலும் அதே எழுத்து, அதே நிறுத்தம். ஒவ்வொரு முறையும் போன் வரும், இவர் ஓடுவார், டிரைவ்கள் இருக்கும் பேனல் என்கிற அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்பார், ஒரு பட்டனை அழுத்துவார், மெஷின் ஓடும். போன வருடம் இவர் லீவில் இருந்தபோதெல்லாம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. பதவி கைநழுவியது இந்த வருடம். இதற்கு மேல் மேனேஜருக்கு என்ன வேண்டும்? தொழிலாளிகள் இருபத்தாறு பேரை நிற்கவைத்து, போலீசுக்கு எழுதிய புகாரை அவர்கள் முன்னால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

போதாக்குறைக்கு அந்த சீல் வேறு. லீவுக்கு முந்தைய நாள் ஆம்பியர் பேனலைப் பூட்டி, கதவிடுக்கின் மேல் டேப் ஒட்டி, டேப்பின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டு, சாவியைக் கவரில் வைத்து மேனேஜரிடம் ஒப்படைப்பது வழக்கம். ஏன் என்று கேட்டேன்.

"பேக்கிங் ஆளு ஒருத்தன் சாப்பாட்டு டப்பாவை உள்ள வெச்சிருந்தான் சார். சூடா இருக்குமாம். நானூறு வோல்ட்டுக்குப் பக்கத்துல, குழம்பு!"

நியாயமான கோபம். ஆனால் கையெழுத்துப் போட்ட டேப்பைப் பார்க்கிறவனுக்குக் குழம்பா ஞாபகம் வரும்?

ஆம்பியர் கை கழுவப் போன சமயம் மனைவி மிஷினை நிறுத்தினார். "நானும் ஒரே ஒரு தடவை கேட்டுட்டேங்க. 'மெஷின்ல ஏதாச்சும் பண்ணி வெச்சிருக்கீங்களா'ன்னு. தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. கேட்டிருக்கக் கூடாது. கேக்காமயும் இருக்க முடியல. அது என் தம்பி கை." மறுபடி மிஷின் ஓடியது.

சோதனைக்கு மேனேஜர் செவ்வாய்க்கிழமையைக் குறித்திருந்தார். டிரைவ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் முன்பே வந்து, பேனல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரகசிய நம்பரைத் தேடியிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் மெஷின் தங்கமாக ஓடியது. "மறைச்சு வெச்சது கண்ணுல பட்டா அது மறைச்சதா?" என்று மேனேஜர் மடக்கினார். எனவே நிபந்தனை: ஆம்பியர் கேட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். பேனலுக்கு அவர் கையாலேயே பூட்டும் சீலும். மூன்று சுருள் வெட்ட வேண்டும். நின்றால் அன்றைக்கே கடிதம் போலீசுக்குப் போகும்.

செவ்வாய் காலை பத்து மணி. காவலர் கொட்டகையில் ஒரு பெஞ்சு. உறவுக்காரர் என்று சொல்லிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். ஆம்பியர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தகரச் சுவருக்கு அப்பால் மெஷின் ஒரு ஹூங்காரத்தோடு புறப்பட்டது.

"முதல் சுருள்" என்றார். "ரெண்டு மில்லி தகடு."

"உங்களுக்குச் சத்தத்துலயே தெரியுமா?"

"உங்க வீட்டுக் கதவை யாரு தட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

முதல் சுருள் முடிந்தது. காவலர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதும் சிக்கல் இல்லாமல் ஓடி முடிந்தது. எனக்கு நிம்மதி. பக்கத்தில் திரும்பினால் ஆம்பியரின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்னண்ணே? நல்லாத்தானே ஓடுது?"

"அதான் சார். நான் இல்லாமலே ஓடுது." டப்பாவின் மூடியை நகத்தால் சுரண்டினார். "நின்னா நான் திருடன். ஓடினா நான் எதுக்கு? இருபத்து மூணு வருஷமா மனசுக்குள்ள ஒரு நெனப்பு, நாம இல்லாட்டி இது நடக்காதுன்னு. சொல்ல வெக்கமா இருக்கு. நாலு தடவை போன் வந்தப்பவும் ஓடுற வழியெல்லாம் உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

மூன்றாவது சுருள் தொடங்கியது.

பத்து நிமிடம் போயிருக்கும். ஆம்பியர் சட்டென்று தலையைச் சாய்த்தார். எனக்குக் கேட்டதெல்லாம் அதே ஹூங்காரம்தான். அவர் எழுந்தார். டப்பா உருண்டது.

"இறங்குது."

"என்ன இறங்குது?"

"இழுப்பு! ரீகாயிலர் இழுப்பு இறங்குது. நிறுத்தச் சொல்லுங்க! மாப்ளே அங்கதான் நிப்பான்! போன் போடுய்யா!"

காவலர் போனை எடுக்கவில்லை, கேட்டை மறித்தார். "அண்ணே, உள்ள போனா உங்க கதை முடிஞ்சுது. மேனேஜர் சொல்லியிருக்காரு."

கதை முடிவதைப் பற்றி யோசிக்க ஆம்பியருக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. காவலரின் கைக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடினார். அவர் பின்னால் காவலர் ஓடினார். காவலர் பின்னால் நான் ஓடினேன். உள்ளே நுழைந்தபோது என் கண்ணில் பட்டது இதுதான்: கத்திகளுக்கும் ரீகாயிலருக்கும் நடுவே பன்னிரண்டு பட்டைகளும் விறைப்பை இழந்து, மெல்ல அலைபோல எழும்பிக்கொண்டிருந்தன. கட்டுப்போட்ட கையோடு மச்சினன் இரண்டடி தூரத்தில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பின்னால வாடா!"

கத்திக்கொண்டே ஆம்பியர் கம்பத்திலிருந்த சிவப்புப் பட்டனை அறைந்தார். மச்சினன் துள்ளிப் பின்வாங்கினார். மெஷின் முனகி நின்றது. ஒரு பட்டை மட்டும் எழும்பி, அவர் நின்றிருந்த இடத்தில் 'சடார்' என்று தரையை அறைந்துவிட்டு அடங்கியது.

எல்லாரும் மூச்சடங்கி நின்றார்கள். முதலில் மூச்சு வந்தது மேனேஜருக்கு.

"பாத்தீங்கல்ல எல்லாரும்? ஓடிட்டிருந்த மெஷினை நிறுத்துனது யாரு? கேட்டுக்கு வெளியில இருக்கறவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியுது?" சட்டைப் பையிலிருந்து புகார்க் கடிதம் வெளியே வந்தது.

"நிறுத்தாட்டி என் இன்னொரு கையும் போயிருக்கும் சார்" என்றார் மச்சினன். "அப்புறம் கையெழுத்துக்கூட போட முடியாது, சம்பள ரிஜிஸ்டர்ல."

இன்ஜினியர் பெண் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இவர் நிறுத்தாட்டியும் இன்னும் அரை நிமிஷத்துல தானா நின்னிருக்கும். ரீகாயிலர் டிரைவோட சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்காங்க."

"யாரு?"

"டிரைவே குறைச்சிருக்கு."

"அதுக்கு என்ன கேடு?"

"சூடு. சூடு தாங்கலேன்னா சிலது பட்டுனு நின்னுடும். இது நிக்காது, தன்னைக் காப்பாத்திக்க இழுப்பைக் குறைச்சுக்கும். இழுப்பு போனதும் உங்க லைன் நிக்குது. அதான் திரையில சூடுன்னு வராம இழுவைன்னு வருது. அந்தப் பேனலைத் திறங்க."

ஆம்பியரின் கையெழுத்துப் போட்ட டேப்பை மேனேஜரே கிழித்தார். கதவு திறந்ததும் அனல் அவர் முகத்தில் அடித்தது. "அப்பா, அடுப்பு!" என்று பின்வாங்கினார். இன்ஜினியர் குனிந்து உள்ளே தரையிலிருந்து எதையோ எடுத்தார். நாலாக மடித்த, ஓரம் கறுத்த அட்டைத் துண்டு.

"இது என்ன?"

ஆம்பியர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"என்னோடதும்மா" என்றார். "ஆம்ப்ஸ் காட்டுற டப்பா உள்ள இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். கதவு தானா சாத்திக்கும். அதனால இடுக்குல இதை வெச்சுத் திறந்தே வெச்சிருப்பேன். லீவுக்குப் போறப்ப மட்டும் எடுத்துட்டுப் பூட்டுவேன்."

"நாள் பூரா கதவு வழியா காத்து போயிட்டிருந்திருக்கு" என்றார் இன்ஜினியர். "நீங்க பூட்டினதும் நின்னிருக்கு. திரும்பி வந்து திறந்தீங்க, பத்து நிமிஷத்துல ஆறிடுச்சு. உங்க கைராசி இதுதான்."

இருபத்தாறு பேரில் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார். மந்திரமும் இல்லை, ரிமோட்டும் இல்லை. அட்டைப்பெட்டியின் மூலை.

"கதவு சாத்தினாலும் காத்து வரணுமே. அதுக்குத்தானே கீழ ஃபேன் இருக்கு?" என்று இன்ஜினியர் கதவின் அடியிலிருந்த ஃபில்டர் சல்லடையைக் கழற்றினார். அதன் ஓட்டைகளை மூடி ஒரு கம்பளியே படிந்திருந்தது. பட்டைகளை அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துணியிலிருந்து பறக்கும் பஞ்சு, ஒரு வருடப் பஞ்சு, சாம்பல் நிறத்தில் விரல் கனத்துக்கு. "இதை மாசாமாசம் சுத்தம் பண்ணணும். யார் வேலை?"

பதில் கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருந்தது. மாதாந்திரச் சோதனைத் தாள். 'ஃபில்டர் சுத்தம்' என்ற வரிக்கு எதிரே பதினோரு மாதத்துக்கும் பதினோரு டிக். ஒவ்வொரு டிக்கும் ஆம்பியர் போட்டது. கதவு திறந்திருக்கும்போது சல்லடையை எவன் கழற்றுவான்? வருகிற காற்று அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறதே. தாளின் கடைசிக் கட்டத்தில், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், பதினோரு கையெழுத்து. பச்சை மை. அந்தத் தொழிற்சாலையில் பச்சை மை பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

தாளை மேனேஜர் படித்தார். நிதானமாகப் படித்தார். பிறகு நான்கு மூலையிலும் நகத்தால் டேப்பைக் கிளப்பி அதை எடுத்தார். புகார்க் கடிதத்தோடு சேர்த்து மடித்தார். இரண்டையும் ஒரே பையில் வைத்தார்.

"காரணம் வெப்பம்" என்று இருபத்தாறு பேருக்கும் அறிவித்தார். "வேலையைப் பாருங்க."

இவ்வளவு கச்சிதமான தீர்ப்பை நான் கேட்டதில்லை. குற்றவாளி வெப்பம். அதன் மேல் யாரும் போலீசுக்கு எழுத முடியாது. ஆம்பியர் பக்கம் திரும்பி, "நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றார். பஞ்சை உதறிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். மீதிச் சுருள் அனாயாசமாக ஓடியது. ஆம்பியர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்த்தார். மகிழ்ச்சியா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அட்டையா? அட்டைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க சார். ரகசிய நம்பரே இருக்கட்டும்."

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த மாடிக்குப் போனேன். ஆம்ப்ஸ் காட்டும் டப்பாவை இப்போது கதவுக்கு வெளியே மாட்டிவிட்டார்களாம். "யாரு வேணாலும் பாக்கலாம்" என்றார் ஆம்பியர், சொத்தைப் பொதுவில் ஏலம் விட்டதுபோல. இப்போதெல்லாம் வாராவாரம் சல்லடையைத் தானே கழற்றி, பஞ்சைத் தட்டி, அதற்குப் பிறகுதான் டிக் போடுகிறார். மேனேஜரும் குனிந்து பார்த்த பிறகுதான் பச்சை மையைத் திறக்கிறார். இருவரும் அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது மச்சினன் வந்தார். தையல் பிரித்தாகிவிட்டது, முன்கையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு.

"என்ன மாமா, சட்டை எங்க? தையல் பிரிச்சே பத்து நாள் ஆச்சு."

"வரும் மாப்ளே, வரும்."

"டிரைவ் மாதிரி நீங்களும் மெதுவா குறைச்சுக்கிட்டே போறீங்க. கடைசியில ஒரு கைக்குட்டையோட நிறுத்திடாதீங்க" என்று சிரித்துவிட்டு, அக்காளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மிஷினுக்குப் பின்னாலிருந்து மனைவி சொன்னார், என்னைப் பார்த்து: "வாங்கியாச்சு. ரெண்டு வாரமா பீரோவுல கிடக்கு. நீலக் கட்டம், முழுக்கை. குடுங்கன்னா, அளவு சரியா இருக்குமோன்னு சந்தேகமா இருக்காம். அவன் பொறந்ததுலேருந்து அவன் அளவு எனக்குத் தெரியும்."

ஆம்பியர் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். படியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"சூட்டுனாலதான் ஆச்சுன்னு நம்பிட்டிருக்கான் சார். அந்தத் தாளை அவன் பாக்கல. சட்டையைக் கையில குடுக்கறப்ப சுத்தம் பண்ணாமலே டிக் போட்டது நான்தான்னு சொல்லணும். சொல்லாம குடுத்தா அது சட்டை இல்ல."

"நான் இதை எழுதலாமா?"

டெஸ்டரை எடுத்துத் துடைத்து மறுபடி பையில் வைத்தார்.

"எழுதுங்க. அவன் படிச்சுட்டு வந்து கேட்டுட்டான்னா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

மச்சினன் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை என்று மனைவி முன்னமே சொல்லியிருந்தார். நான் அதை ஆம்பியரிடம் சொல்லவில்லை. சட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.